நிற்கும்போது போடும் ஜாக்கெட்

வணக்கம் நேயர்களே. குளிர் மலைகளில் நடக்கப் போகிறவர்களும் ஏறப் போகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். எடை குறைந்த டவுன் ஜாக்கெட் (பறவையின் மென்மயிரை உள்ளே அடைத்துத் தைத்த குளிர் ஆடை) ஒன்று வாங்க வேண்டும், எது நல்லது? நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: அதை எப்போது போடப் போகிறீர்கள்? "குளிரும்போதுதான், வேறு எப்போது?" என்பார்கள். தப்பு ஆரம்பிப்பதே அங்கேதான்.

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. என் முதல் பனிமலை நடையில், விடிவதற்கு முன் கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன், பல் கிட்டியது, ஜாக்கெட்டைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு அப்படியே ஏற ஆரம்பித்துவிட்டேன். முதல் கால் மணி நேரம் சுகமோ சுகம். அப்புறம் முதுகில் வியர்வை. பையைக் கழற்றி, ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து வைத்து, அதற்குள் கூட வந்தவர்கள் ஒரு வளைவு தாண்டிப் போய்விடுவார்களே என்ற சோம்பல் கலந்த வீம்பில் நடந்துகொண்டே இருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கணவாயில் உட்கார்ந்தபோது காற்று வீசியது பாருங்கள், அத்தனை பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே வெடவெடவென்று நடுங்கினேன். கழற்றி முதுகுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தால், காலையில் புசுபுசுவென்று இருந்த தையல் கட்டங்களின் மூலையில் நெல்லிக்காய் அளவுக்கு ஈரமான உருண்டைகள், மற்ற இடத்தில் இரண்டு மெல்லிய துணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை.

இது ஏன் என்று புரிந்துகொள்ள, உள்ளே இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். டவுன் என்றால் இறகு என்று பலர் நினைக்கிறார்கள். இறகுக்கு நடுவில் தண்டு உண்டு, குத்தும். இது வாத்தின் நெஞ்சுப் பக்கத்தில், வெளி இறகுகளுக்கு அடியில் வளர்கிற மென்மையான படலம். தமிழில் இதற்குத் தூவி என்று அழகான சொல்லே இருக்கிறது. அன்னத் தூவி அடைத்த மெத்தையைப் பழம்புலவர்கள் பாடியிருக்கிறார்கள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் இழைகள் விரிந்து, காற்றில் பறந்து வரும் எருக்கம் விதை மாதிரி இருக்கும். கனமே தெரியாது. விரலால் அழுத்தினால் காணாமல் போகும், விட்டால் மறுபடி மலர்ந்துவிடும்.

சூடு தூவியிடமிருந்து வருவதில்லை, அது உங்கள் உடம்பின் சூடு. தூவி செய்கிற வேலையெல்லாம் கொஞ்சம் காற்றை அசையாமல் பிடித்து வைத்துக்கொள்வதுதான். அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். வியர்வையில் நனைந்த தூவியின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, காற்றுக்கு இடமில்லை, கதை முடிந்தது. நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய தூவி இப்போது கிடைக்கிறது. அது நனையக் கொஞ்சம் நேரம் எடுக்கும், சீக்கிரம் உலரும், அவ்வளவுதான். அதை நம்பி மழையில் போகாதீர்கள்.

ஆக, ஏறும்போது உடம்பே அடுப்பாக எரிகிறது. அப்போது ஒரு மெல்லிய உள்சட்டையும் காற்றைத் தடுக்கும் மேலாடையும் போதும். புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். நின்றதும்தான் டவுன் ஜாக்கெட்டுக்கு வேலை. குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் தாமதம், ஏனென்றால் காத்து வைக்க வேண்டிய சூடு அதற்குள் போயிருக்கும். நின்ற முதல் நிமிடத்தில், தண்ணீர் பாட்டிலைத் தேடுவதற்கு முன்னால், போட்டிருக்கிற எல்லாவற்றுக்கும் மேலே அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள், மேலே இறுக்கமாக எதையாவது மாட்டினால் தூவி நசுங்கிவிடும். பாறையில் ஏறுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: மேலே ஒருவர் ஏற, கீழே கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்பார். அவருக்காகவே தைக்கிற ஜாக்கெட்டை பிலே ஜாக்கெட் என்கிறார்கள், அதன் தலைமூடி ஹெல்மெட்டுக்கு மேலேயே ஏறும்.

இப்போது எடை ஏன் முக்கியம் என்று புரிந்திருக்கும். நாளின் பெரும்பகுதி இந்த ஜாக்கெட் உங்கள் உடம்பில் இல்லை, முதுகுப் பையில் சுமையாகக் கிடக்கிறது. 300 கிராம் என்றால் அது இருப்பதே தெரியாது. ஒரு கிலோ என்றால் ஒருநாள் கூடாரத்திலேயே விட்டுவிட்டுப் போவீர்கள், அன்றைக்குத்தான் வானிலை மாறும்.

கடையில் பார்த்தால் 650, 800, 900 என்று பெரிய எழுத்தில் எண் போட்டிருக்கும். ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலத்துக்கு மலர்கிறது என்பதுதான் அந்த எண். 800 என்றால் அந்த 28 கிராம் ஏறக்குறைய 13 லிட்டர் இடத்தை நிரப்பும், ஒரு வாளி அளவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண் தரத்தைச் சொல்கிறதே தவிர, உள்ளே எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. 800 எண் தூவி 60 கிராம் உள்ள ஜாக்கெட்டையும் 650 எண் தூவி 120 கிராம் உள்ள ஜாக்கெட்டையும் பக்கத்தில் வைத்தால், இரண்டாவதுதான் அதிகக் காற்றைப் பிடிக்கும், அதிகச் சூடு தரும், கொஞ்சம் கனமாகவும் இருக்கும். தூவியின் எடையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தூவி எப்படி எடுத்தது என்பதையும் கேளுங்கள்; உயிரோடு இருக்கும் பறவையிடமிருந்து பிடுங்கியது இல்லை என்பதற்கு 2014 முதல் ஒரு சான்றுமுறை இருக்கிறது, ஆர்.டி.எஸ். என்று சீட்டில் போட்டிருக்கும்.

துணிக்கு டெனியர் என்று ஒரு கணக்கு. 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது அது. மிக லேசான ஜாக்கெட்டுகளில் 10 டெனியர் நூல் வருகிறது: ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் 10 கிராம்! வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தூவியே நிழலாகத் தெரியும். பாறையில் உரசினால் கிழியும், அடுப்பிலிருந்து ஒரு பொறி பட்டால் ஓட்டை. ஓட்டை விழுந்தால் உடனே ஒட்டுத் துணியோ டேப்போ ஒட்டுங்கள். தையலில் ஒரு தூவி எட்டிப் பார்த்தால் வெளியே இழுக்காதீர்கள், ஒன்றை இழுத்தால் பின்னாலேயே இன்னும் நாலு வரும். பின்பக்கத் துணியைக் கிள்ளி உள்ளே இழுத்துவிடுங்கள். தையலைப் பற்றி ஒரு வார்த்தை: லேசான ஜாக்கெட்டுகளில் இரண்டு துணியையும் சேர்த்தே தைத்துவிடுவார்கள், தையல் கோட்டில் தூவி இருக்காது, அந்தக் கோடு வழியாகக் குளிர் இறங்கும். இரண்டு துணிக்கும் நடுவில் துணியாலேயே சுவர் வைத்துத் தைப்பதில் அந்தக் குறை இல்லை, எடைதான் கூடும். நடைப் பயணத்துக்கு முதல் வகையே போதும் என்பது என் கட்சி.

இந்த ஆடைக்கு நூறு வருஷக் கதை உண்டு. 1922 எவரெஸ்ட் குழுவில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர் இருந்தார். மற்றவர்கள் கம்பளியும் ட்வீட் கோட்டுமாக வந்தபோது, இவர் பலூன் துணியில் ஈடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த ஒரு கோட்டோடு வந்து நின்றார். சிரித்தார்கள். பிறகு 7,700 மீட்டருக்கு மேல் ஒரு கூடாரத்தில் புயல் அவரையும் கூட்டாளிகளையும் நகரவிடாமல் முடக்கிப் போட்டது. சும்மா கிடக்க வேண்டிய நேரத்துக்குத்தானே இந்தக் கோட்டு! அதற்குப் பிறகும் அவரும் ஜெஃப்ரி புரூஸும் ஆக்சிஜன் உதவியோடு 8,300 மீட்டரைத் தாண்டி ஏறினார்கள்.

எப்போதுமே டவுன்தானா என்றால், இல்லை. பனி உறையாமல் ஈரமாகவே விழுகிற, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய வானிலையில் செயற்கை இழை ஜாக்கெட்டைத்தான் எடுத்துப் போவேன். கனம், சுருக்கினாலும் இடம் அடைக்கும், ஆனால் நனைந்தாலும் கொஞ்சம் சூடு மிஞ்சும்.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சின்ன உறையிலேயே அமுக்கி வைத்துவிடாதீர்கள், தளர்வாகத் தொங்கவிடுங்கள். அழுக்கானால் டவுனுக்கென்றே விற்கிற சோப்பில் துவைத்து, உலர்த்தும் எந்திரத்தில் மிதமான சூட்டில், இரண்டு டென்னிஸ் பந்துகளோடு சேர்த்துச் சுற்றவிடுங்கள். கணவாயில் உருண்டு கட்டிய என் முதல் ஜாக்கெட்டை அப்படித்தான் மீட்டேன். முதல் சுற்றில் கட்டங்களுக்குள் கட்டிகள் அப்படியே கிடந்தன, போச்சு என்று நினைத்தேன். பந்துகள் தடதடவென்று அடிக்க அடிக்க, மூன்றாவது சுற்று முடிந்து கதவைத் திறந்தபோது பழையபடி உப்பிக்கொண்டு வந்தது. முழங்கையில் ஒட்டுத் துணியோடு இன்னும் என் பையின் மேல்தட்டில்தான் இருக்கிறது. வணக்கம்.