அரசின் மறுப்பு எங்கே நிற்க வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

2018 ஜூலை 1. மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரைன்பாடா என்ற கிராமம். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, அந்தப் பக்கம் வந்த 5 பேரைக் கூட்டம் அடித்தே கொன்றது. பொய்ச் செய்தி உயிரைக் குடிக்கும். அரசு அதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, இதில் மறுபேச்சே இல்லை. அதைத் தடுக்க அரசுக்கு எந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

2023 மார்ச்சில் நம் மாநிலத்தில் நடந்தது நினைவிருக்கும். வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைக் காட்சிகள் அவை. அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு தானே வீடியோவில் தோன்றி மறுத்தார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேசியது. வதந்தி கிளப்பியவர்கள் மீது வழக்குகளும் பதிவாயின. ஆனாலும் பயத்தைத் தணித்ததில் பெரும்பங்கு, பொறுப்பான ஒருவர் பெயரும் முகமும் தெரிய வந்து பதில் சொன்னதற்குத்தான் என்பது என் கணிப்பு.

அதற்கு அடுத்த மாதம், 2023 ஏப்ரல் 6 அன்று, மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மத்திய அரசின் செயல்பாடு பற்றி வரும் செய்தி போலியா, பொய்யா, திசைதிருப்புவதா என்று அரசே அமைக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு முடிவு செய்யும் என்றது அந்தத் திருத்தம். 'நாங்கள் எதையும் நீக்கச் சொல்லவில்லையே, அடையாளம் காட்டத்தானே செய்கிறோம்' என்பது அரசுத் தரப்பு வாதம். ஏட்டளவில் அது சரிதான். நடைமுறை வேறு.

பிறர் போடும் பதிவுக்குச் சமூக ஊடக நிறுவனம் பொறுப்பாகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு ஒரு பாதுகாப்புத் தருகிறது. அந்தத் திருத்தத்தின்படி, அரசின் சரிபார்ப்புப் பிரிவு 'பொய்' என்று சொன்ன பதிவை விட்டுவைத்தால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். இப்போது நிறுவனத்தின் வக்கீல் இடத்தில் இருந்து பாருங்கள். பதிவை எடுத்துவிட்டால் நஷ்டம் ஏதுமில்லை. வைத்திருந்தால் கோர்ட்டு வாசல் ஏற வேண்டும். எழுதியவர் யாரோ எவரோ. அவருக்காக எந்த நிறுவனம் வழக்காடும்? நீக்கு என்று ஒருவரும் உத்தரவு போடாமலேயே பதிவு காணாமல் போய்விடும்.

இந்தத் திருத்தத்தை எதிர்த்த வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 2024 ஜனவரி 31 அன்று இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். நீதிபதி படேல் விதியை ரத்து செய்தார், நீதிபதி நீலா கோகலே செல்லும் என்றார். மார்ச் 20 அன்று அரசு அந்தச் சரிபார்ப்புப் பிரிவை அறிவிக்கை செய்ய, மறுநாளே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மூன்றாவது நீதிபதியான சந்துர்கர் செப்டம்பர் 20 அன்று விதி செல்லாது என்றார். போலி, பொய், திசைதிருப்புவது என்ற சொற்களுக்கு வரையறையே இல்லை என்பது அவர் சுட்டிய குறைகளில் ஒன்று.

வரையறை இல்லாவிட்டால் என்ன கெடும்? ஒரு உதாரணத்துக்கு இப்படி ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம்: 'உதவித்தொகை ஏப்ரல் முதல் நிறுத்தம், 2 லட்சம் பேர் பாதிப்பு, காரணம் அரசிடம் பணம் இல்லை.' இதில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. நிறுத்தம் என்பது தவறாக இருக்கலாம், தாமதமாக வருகிறது என்பதே உண்மையாக இருக்கலாம். 2 லட்சம் என்பது கணக்கெடுத்துப் பார்க்க வேண்டிய எண். பணம் இல்லை என்பது ஒருவரது ஊகம், விமர்சனம். இந்தச் செய்தியின் படத்தின் மேல் குறுக்கே சிவப்பில் 'பொய்' என்று முத்திரை குத்தினால், மூன்றும் ஒன்றாக அடிபட்டுப் போகும். தவணை வராத பயனாளி சொல்வதும் பொய்யாகிவிடும். உருப்படியான மறுப்பு என்றால் எந்த வரி தவறு என்று சுட்ட வேண்டும், அரசாணை எண்ணும் தேதியும் தர வேண்டும், ஆணையின் நகலையும் பொதுவில் வைக்க வேண்டும். அந்த அளவோடு அரசு நிற்க வேண்டும். நீக்குவதா வேண்டாமா என்பது நீதிமன்றத்தின் வேலை.

சொல் தளர்வாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் பார்த்துவிட்டோம். இணையத்தில் போட்டது எரிச்சலூட்டினாலே, அசௌகரியம் தந்தாலே 3 ஆண்டுவரை சிறை. ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படியும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் போடுவது நிற்கவில்லை. இனி யார் மீதும் அந்தப் பிரிவில் வழக்கு கூடாது என்று 2022 அக்டோபரில் திரும்பவும் உத்தரவிட வேண்டியிருந்தது. செத்த சட்டத்துக்கே இவ்வளவு ஆயுள் என்றால், உயிரோடு இருக்கும் சட்டத்தை எழுதும்போது எவ்வளவு கவனம் தேவை!

அதே சட்டத்தின் 69ஏ பிரிவு இன்றும் இருக்கிறது. நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகப் பதிவுகளை முடக்கும் அதிகாரம் அது. எழுத்துபூர்வமான காரணம், பதில் சொல்ல வாய்ப்பு என்ற காப்புகள் இருப்பதால்தான் அதே 2015 தீர்ப்பு இதை விட்டுவைத்தது. ஆனால் இந்த முடக்கத்துக்கான 2009 விதிகளின் 16ஆம் விதி, கோரிக்கையையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உத்தரவின் நகலே கைக்கு வராதவர் எதை எதிர்த்து வழக்குப் போடுவார்? இணையத்தையே முடக்கும் உத்தரவுகளை வெளியிட்டாக வேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு பதிவை முடக்கும் உத்தரவுக்கும் அதே அளவுகோல் வர வேண்டும்.

உங்கள் பதிவு காணாமல் போனால் முதலில் யார் எடுத்தது என்று பாருங்கள். தளத்தின் சொந்த விதியை மீறியதாக அறிவிப்பு வந்திருக்கிறதா, சட்டக் கோரிக்கையின் பேரில் இந்தியாவில் மட்டும் மறைக்கப்பட்டதா? அந்த அறிவிப்பையும் பதிவின் முகவரியையும் தேதி, நேரம் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். முதல் வகை என்றால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் முடிவு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே மேல்முறையீடு செய்யலாம். இரண்டாவது வகை என்றால், முதலில் உத்தரவின் நகலைக் கேட்டுத் தளத்துக்கும் அமைச்சகத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். நகல் தர மறுத்தாலும், பதிலே வராவிட்டாலும், அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும்போது அந்தக் கடிதங்கள் கைகொடுக்கும்.

வணக்கம்.