தேவாலயம் இருந்த இடத்து வெளிச்சம்

தலைவர் அவர்களுக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்துப் பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று வாரம் சுற்றியதை முக்கால் மணி நேரத்தில் சொன்னால் அது ரயில்வே கால அட்டவணையைப் படித்தது போலத்தான் இருக்கும். அதனால் ஒரே ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். அந்த வீட்டிலும் குறிப்பாக ஒரு சன்னலைப் பற்றி.

வில்ட்ஷயர் மாவட்டத்தில் லேகாக் என்று ஒரு கிராமம் இருக்கிறது. சிப்பன்ஹாம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடித்தால் சற்று நேரத்தில் போய்விடலாம். ஊரின் பெரும்பகுதி பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. தெருவில் மின்கம்பியோ கூரையில் ஆண்டெனாவோ கண்ணில் படாது. ஊரைத் தாண்டி ஏவன் ஆற்றங்கரைப் புல்வெளிக்குள் நுழைந்தால் தேன் நிறக் கல்லில் ஒரு பெரிய வீடு. பெயர் லேகாக் ஆபி. ஆபி என்றால் மடம். ஆனால் பார்த்தால் மடம் போல இல்லை. ஜமீன்தார் மாளிகை போல இருக்கிறது. இரண்டும் உண்மை. கீழ்த்தளம் துறவுக் கன்னியருடையது, மேல்தளம் கனவான்களுடையது.

மடத்தைக் கட்டியவர் எலா என்ற சீமாட்டி. சால்ஸ்பரி சீமை அவருக்குத் தந்தை வழிச் சொத்து. கணவர் வில்லியம் லாங்ஸ்பே, ஜான் மன்னரின் தந்தைக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். அவர் ஒருமுறை கடற்பயணத்தில் புயலில் சிக்கி மாதக்கணக்கில் திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்றே ஊர் முடிவு கட்டியது. அரசவையில் செல்வாக்குள்ள ஒருவர் தம் உறவுக்கார இளைஞனை எலாவுக்கு மணம் முடிக்கப் பார்த்தார். எலா மறுத்துவிட்டார். கணவர் திரும்பி வந்தார். ஆனால் 1226இல் காலமானார். அதன் பிறகும் எலா மறுமணம் செய்துகொள்ளவில்லை. மன்னரின் சார்பில் மாவட்டத்தைக் கவனிக்கும் வில்ட்ஷயரின் ஷெரிப் பதவியைத் தாமே வகித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் ஷெரிப்பாக இருந்தது அபூர்வம். 1232 ஏப்ரல் 16ஆம் தேதி காலையில் லேகாக்கில் கன்னியருக்கும், அன்று பிற்பகலே ஹிண்டனில் துறவியருக்கும் என்று ஒரே நாளில் இரண்டு மடங்களை நிறுவினார். குதிரைப் பயணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், எத்தனை சுறுசுறுப்பான அம்மாள் என்று தெரியும். பின்னர் தாமே துறவுக் கன்னியாகி, லேகாக்கின் முதல் தலைவியாகி, 1261இல் மறைந்தார்.

அந்த மடத்தின் தாழ்வாரங்கள் இன்றும் இருக்கின்றன. நடுவில் முற்றம், அதைச் சுற்றிக் கல் விதானத்தோடு நடைபாதை. இப்போதுள்ள விதானம் 15ஆம் நூற்றாண்டு வேலை. அண்ணாந்து பார்த்தால் விலா எலும்பு போன்ற கல் வளைவுகள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு முகமோ மிருகமோ உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். கன்னியர் குளிர் காய்ந்த அறையில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு வெண்கலக் கொப்பரை. 1500இல் வார்த்தது. நான் போன அன்று அதைச் சுற்றிக் கறுப்பு அங்கி அணிந்த நாலைந்து குழந்தைகள் மந்திரக்கோலைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். மாயாஜாலப் பள்ளிக்கூடச் சிறுவனின் படத்துக்கு இந்தத் தாழ்வாரங்களில் படப்பிடிப்பு நடந்ததாம். வருபவர்களில் பாதிப்பேர் அதற்காகவே வருகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எந்தக் காரணத்துக்காகவாவது வரட்டும்.

தாழ்வாரத்தில் எலாவின் கல்லறைக் கல் இருக்கிறது. ‘மதிப்பிற்குரிய எலாவின் எலும்புகள் கீழே புதைந்துள்ளன’ என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கல் முதலில் கிடந்தது அங்கே அல்ல, மடத்துத் தேவாலயத்தில். தேவாலயம் எங்கே என்று தேடினேன். தாழ்வாரத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று வந்தேன். எங்கும் இல்லை.

ஏன் இல்லை என்று சொல்ல எட்டாம் ஹென்றியிடம் போக வேண்டும். அவர் கதை உங்களுக்குத் தெரியும். மனைவிகள் கணக்கை விட்டுவிடுவோம். 1536இல் ஒரு சட்டம் வந்தது. ஆண்டு வருவாய் 200 பவுனுக்குக் குறைந்த மடங்களையெல்லாம் மூடிச் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளும். லேகாக் அந்த வரம்புக்குக் கீழே. கன்னியர் 300 பவுன் கட்டி விலக்கு வாங்கினார்கள். அதாவது ஒரு வருட வருமானத்தைவிட அதிகமான தொகையைக் கொடுத்து அவகாசம் வாங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சோதனைக்கு வந்த அதிகாரி, குறை ஒன்றும் கிடைக்காமல், ஒரு விஷயத்தை மட்டும் வியந்து எழுதி அனுப்பியிருந்தார். இந்தப் பெண்கள் மடத்து விதிகளைப் பழைய பிரெஞ்சில் படிக்கிறார்கள், அது சட்டப் புத்தகத்துப் பிரெஞ்சு போல இருக்கிறது, அதில் கரை கண்டவர்களாகவும் இருக்கிறார்கள் என்று. ஊர் முழுக்க மறந்துபோன ஒரு மொழியைச் சுவருக்குள் பத்துப் பதினைந்து பெண்கள் முந்நூறு ஆண்டு காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

300 பவுன் வாங்கித் தந்தது இரண்டே ஆண்டு. 1539 ஜனவரியில் கடைசித் தலைவி சாவியை ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு 783 பவுனுக்குச் சொத்து கைமாறியது. வாங்கியவர் வில்லியம் ஷாரிங்டன்.

இந்த ஷாரிங்டன் சுவாரஸ்யமான ஆசாமி. பிறகு பிரிஸ்டல் நாணயச் சாலையில் பெரிய பொறுப்புக்கு வந்தார். நாணயத்தின் ஓரத்தைச் சுரண்டினார், எடை குறைத்து அடித்தார், கணக்கைத் திருத்தினார். தாமஸ் சீமோர் என்ற பிரபுவின் சதித் திட்டத்துக்கும் பணம் அச்சடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். 1549இல் பிடிபட்டார். சீமோரின் தலை போனது. ஷாரிங்டன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, மன்னிப்புப் பெற்று, பெருந்தொகை கட்டிச் சொத்தையும் மீட்டுக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. 1552இல் வில்ட்ஷயரின் ஷெரிப் ஆனார். ஆம், எலா வகித்த அதே பதவி!

மனிதர் திருடர். ஆனால் ரசனை இருந்தது. வீட்டு மூலையில் ஓர் எண்கோணக் கோபுரம் கட்டினார். அதன் உச்சி அறைகளில் கல்லால் செய்த எண்கோண மேசைகள்; அவற்றில் அவருடைய குலச்சின்னமான தேள். சின்னத்தைப் பொருத்தமாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தாழ்வாரங்களையும் கூட்டறையையும் அவர் இடிக்கவில்லை. பக்தி காரணமல்ல. கட்டிய கீழ்த்தளம் கிடக்கிறது, மேலே வீட்டை ஏற்றினால் செலவு மிச்சம். தேவாலயத்தில் குடியிருக்க முடியாது, ஆகையால் அதை மட்டும் தரைமட்டமாக்கினார். மடத்துக்கும் தேவாலயத்துக்கும் பொதுவாக இருந்த சுவரை மட்டும் விட்டுவைத்தார், வீட்டுக்குத் தெற்குச் சுவர் வேண்டுமே. நான் தாழ்வாரத்தில் தேடியது அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தது. இன்று அங்கே நன்றாக வெட்டிய புல்தரை.

இந்தத் தெற்குச் சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு நூற்றாண்டுகளை ஓடியே கடந்துவிடலாம். ஷாரிங்டன் குடும்பத்துப் பெண் டால்பட் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, வீடு அவர்கள் கைக்குப் போனது. அவர்கள் ஒரு பெரிய கூடம் கட்டி, சுவர் மாடங்களில் சுடுமண் சிலைகளை நிறுத்தினார்கள். அதில் ஓர் ஆட்டின் மூக்கின் மேல் ஒரு சர்க்கரைக் கட்டி உட்கார்ந்திருக்கிறது. 1919இல் ஒரு மாணவர் விளையாட்டாக வைத்ததாம். அன்றிலிருந்து அந்த வழக்கத்தை விடவில்லையாம். எலாவைப் பற்றிக் கேட்காத ஒருவர் அந்தச் சர்க்கரைக் கட்டியை எப்போது மாற்றுவீர்கள் என்று காவலரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட். பிறப்பு 1800. கணிதம், தாவரவியல், பழைய மொழிகள் என்று எதையும் விட்டுவைக்காத மூளை. கைக்கு மட்டும் ஓவியம் வரவில்லை. 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, கண்ணாடிக் கருவியின் உதவியோடு காட்சியை வரைந்து பார்த்தார். படுதோல்வி. இந்த பிம்பம் தானாகவே காகிதத்தில் பதிந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று அங்கேதான் தோன்றியது. வரையத் தெரிந்திருந்தால் அவருக்கு அந்த எண்ணம் வந்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பிக் காகிதத்தை உப்புநீரில் நனைத்து, மேலே வெள்ளி நைட்ரேட் பூசினார். வெளிச்சம் பட்டால் அது கறுக்கும். சின்னஞ்சிறு மரப்பெட்டிகளில் ஒரு வில்லையைப் பொருத்தி, உள்ளே அந்தக் காகிதத்தை வைத்து, வீட்டைச் சுற்றி இங்கொன்றும் அங்கொன்றுமாக விட்டுவைப்பார். மனைவி கான்ஸ்டன்ஸ் அவற்றுக்கு வைத்த பெயர் எலிப்பொறிகள். 1835 ஆகஸ்டில் ஒரு பெட்டியை மாடியிலுள்ள தெற்குக் கூடத்தில், சன்னலைப் பார்த்தபடி வைத்தார். கிடைத்தது தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய, இளம் ஊதா நிறத் துண்டு. வெளிச்சம் வந்த கண்ணாடிகள் அதில் இருட்டாகவும், நடுவிலுள்ள கம்பிகள் வெளுப்பாகவும் பதிந்திருக்கின்றன. இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகடிவ் அதுதான். நெகடிவ் என்ற சொல்லே பிறகு 1840இல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி கொடுத்தது. ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டு, ‘நெகடிவ் எங்களிடம் பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் பிரதி வாங்கிக்கொள்ளலாம்’ என்று அச்சிட்ட உறையைக் கையில் வாங்கியவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த உறையின் கதை இந்தச் சன்னலில் தொடங்குகிறது.

வீட்டில் புகைப்படக் கலைக்கு ஓர் இடத்தில் பெருமை பேசுகிறார்கள்; இடிந்த தேவாலயத்துக்கு வேறோர் இடத்தில் வருத்தப்படுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கதை. அந்தச் சன்னல் டால்பட் தாமே 1830ஐ ஒட்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி கட்டியது. அது இருப்பது தெற்குச் சுவரில். அதாவது தேவாலயத்தின் சுவரில். 1539க்கு முன்பு அந்தப் பக்கம் வானமே இல்லை. உயரமான கூரையும், மெழுகுவர்த்தியும், பிரெஞ்சு முணுமுணுக்கும் பெண்களும்தான். எலா அடக்கமான இடமும் அங்கேதான். ஒரு நாணயத் திருடர் அதை இடித்து வெட்டவெளியாக்கினார். அந்த வெட்டவெளி வழியாக வந்த வெளிச்சம்தான் முந்நூறு ஆண்டு கழித்து எலிப்பொறிக்குள் போய்ப் பதிந்தது. இடித்தது நல்லதாயிற்று என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்களிடம் 300 பவுனை வாங்கிக்கொண்டு பிறகு வெளியேற்றியதை எந்தக் கண்டுபிடிப்பும் நேர் செய்யாது. ஆனால் அந்தச் சிறு காகிதத்தைப் பார்க்கும்போது, கண்ணாடிகளுக்குப் பின்னால் ஒரு தேவாலயம் இல்லாமல் இருப்பது எனக்குத் தெரிகிறது.

டால்பட் அந்த நெகடிவின் பக்கத்தில் கையால் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். படம் புதிதாக இருந்தபோது பூதக்கண்ணாடியை வைத்துச் சன்னலின் கண்ணாடிச் சதுரங்களை எண்ண முடிந்தது, சுமார் இருநூறு இருந்தன என்று. நானும் சன்னல் முன்னால் நின்று எண்ண ஆரம்பித்தேன். எண்பத்தாறோ எண்பத்தேழோ, அந்த இடத்தில் கறுப்பு அங்கிக் குழந்தை ஒன்று குறுக்கே வந்து, மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தது. ‘அங்கே ஒன்றுமே இல்லை’ என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடிப்போனது. கண்ணாடியில் மூச்சு படிந்த வட்டம் மெதுவாகச் சுருங்கியது. எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.