காய்ச்சல் கிருமியின் வேலையா?

நேயர்களுக்கு வணக்கம். காய்ச்சலில் படுத்தால் கிருமி ஆளை அடித்துப் போட்டுவிட்டது என்கிறோம். ஆனால் அந்த உடம்பு வலி, நடுக்கம், சோர்வு எல்லாம் பெரும்பாலும் நம் செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதால் வருபவை. செல்லுக்கு வாய் ஏது என்பீர்கள். ஒரு செல் சின்னப் புரதம் ஒன்றை வெளியே விடும், அது இன்னொரு செல்லின் மேல் தனக்கென்று இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டும், அவ்வளவுதான் பேச்சு. இந்தப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன்.

இதில் எனக்கு மிகப் பிடித்த கதை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். 1957, லண்டன். அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மன் என்று இரண்டு விஞ்ஞானிகள். கருவுற்ற கோழிமுட்டைக்குள் இருக்கும் சவ்வை எடுத்து, சூடாக்கிச் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸோடு ஒரு திரவத்தில் போட்டு வைத்தார்கள். அப்புறம் சவ்வை எடுத்துவிட்டார்கள். கவனியுங்கள், சவ்வு போய்விட்டது, மிஞ்சியது திரவம்தான். அதில் புதுச் சவ்வைப் போட்டுவைத்து, பிறகு உயிருள்ள வைரஸை விட்டால், அது சரியாகப் பெருகவே இல்லை! பழைய சவ்வின் செல்கள் ஏதோ ஒன்றைத் திரவத்தில் விட்டிருக்கின்றன, புதுச் செல்கள் அதைக் கேட்டு உஷாராகியிருக்கின்றன. அந்தப் பொருள்தான் இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைன். அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே பலர் நம்பவில்லை. சுத்தமாகப் பிரித்தெடுக்க இன்னும் 20 வருடம் ஆனது.

பிற்பாடு இதையே ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடம்பு வலி, அச்சு அசல் ஃப்ளூ மாதிரியே. ஃப்ளூ வைரஸ் ஒன்றுகூட உள்ளே போகவில்லை, செய்தி மட்டும்தான் போனது. திரும்பத் திரும்ப நான் சொல்வது இதைத்தான்.

சரி, சூடு எப்படி ஏறுகிறது? கிருமியைச் சந்தித்த வெள்ளை அணுக்கள் இன்டர்லூக்கின்-1 போன்ற சைட்டோகைன்களை விடுகின்றன. அந்தச் செய்தி மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்கு எட்டியதும் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகி, உடம்பின் வெப்ப அளவை மேலே நகர்த்திவிடுகிறது. அதனால்தான் உடம்பு கொதிக்கும்போதும் நமக்குப் போர்வை கேட்கிறது. பாரசிட்டமால் தடுப்பது இந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான், கிருமியை அது தொடுவதே இல்லை.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். செல்களின் இந்தப் பேச்சு அடங்காமல் போனால் என்னவாகும் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன். கொரோனாவில் பார்த்தோமே, வைரஸை விட இந்தக் கூச்சலே நுரையீரலைக் கெடுத்தவர்கள் உண்டு. அதை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2020-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பலன் இல்லை, ஆகவே லேசான காய்ச்சலுக்கெல்லாம் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். வணக்கம்.