கடைசி வரி வரை படித்தவர்

வணக்கம். நான் கண் மருத்துவர். தகுதிச் சான்றிதழுக்காக வருகிற ஓட்டுநர்கள் பலர் நாற்காலியில் உட்காரும்போதே பயந்துதான் உட்காருகிறார்கள். கண் சரியில்லை என்று எழுதிவிட்டால் பிழைப்பு போய்விடுமே என்ற பயம். வெளியே காத்திருக்கும்போதே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டு வருபவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது வேறொருவரைப் பற்றி. பல வருடம் பேருந்து ஓட்டியவர். 6 மீட்டர் தூரத்திலிருந்து கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். மனப்பாடம் இல்லை, நிஜமாகவே தெரிந்தது. அப்புறம் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். பக்கவாட்டிலிருந்து என் விரலை மெல்ல உள்ளே கொண்டுவந்தேன். "விரல் தெரிந்ததும் சொல்லுங்கள்." விரல் ஏறக்குறைய அவர் முகத்துக்கு நேரே வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. அடுத்த கண்ணும் அப்படித்தான்.

அது கிளாக்கோமா, கண் நீர் அழுத்த நோய். பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. பார்வை நரம்பை அரித்து, ஓரப் பார்வையை முதலில் தின்றுவிடும். நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும், அதனால் எழுத்துப் பலகையில் மாட்டாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் போகிறது. ஓரத்திலிருந்து ஓடிவரும் குழந்தையை நேரே வந்த பிறகு பார்த்து என்ன பயன்?

மற்ற குறைகள் பலவற்றுக்கு வழி உண்டு. எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசவைக்கிற கண்புரையா, அறுவை சிகிச்சை முடிந்து தேறியதும் பெரும்பாலோர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். தூரப் பார்வை மங்கலா, கண்ணாடி போதும். வண்டியில் இன்னொரு ஜோடி இருக்கட்டும். கிளாக்கோமாவில் போன பார்வை மட்டும் திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

ஆகவே 40 வயது தாண்டிய ஓட்டுநர்களே, ஓரப் பார்வையைச் சோதிக்கும் பார்வைப் புலப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். வண்டி உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பார்வை குறைந்தவருக்கு வேறு வேலை கொடுங்கள். வேலை இருக்கும் என்று தெரிந்தால் யாரும் மறைக்கமாட்டார்கள்.

அந்த ஓட்டுநர் இப்போது பணிமனையில் இருக்கிறார். இது குடும்பத்தில் தொடரக்கூடிய நோய். அவர் தம்பி லாரி ஓட்டுகிறார். அடுத்த வாரம் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.