கட்டையை விடும் விரல்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

எட்டு வயதில் பியானோ கற்கத் தொடங்கிப் பதினாறு வயதில் அதை மூடிவைத்துவிட்ட ஒருவர், இருபது ஆண்டுகள் கழித்து, வேலைக்காகப் போய்ச் சேர்ந்த அயல்நாட்டில் மறுபடியும் அதன் முன் உட்கார்ந்த கதையைச் சொல்லுமாறு வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். அந்த ஒருவர் நான்தான். நான் மேடையேறி வாசிப்பவன் அல்லன். இன்றைக்கும் நான் வாசிப்பதில் பிழை மலிந்திருக்கும். ஆனால் இந்தக் கருவியைப் பற்றி ஒரே ஒரு செய்தியைக் கொஞ்சம் தாமதமாகவேனும் கண்டுகொண்டேன், அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கு அது கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டது. ஆகையால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

முதலில் விட்டது ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு மூன்று உருப்படிகள். அந்த மூன்றையும் பத்து மாதம் அரைத்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்து, அடுத்த மூன்றைத் தொடங்குவது என்று எட்டு ஆண்டுகள் ஓடின. விருந்தினர் வந்தால், "ஒன்று வாசித்துக் காட்டேன்" என்பார்கள்; முதல் வரி முடிவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். கடைசித் தேர்வில் தேறினேன், மூடியை இறக்கினேன். வருத்தம் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அயல்நாட்டில் நான் குடியிருந்த அடுக்ககத்தில் துணி துவைக்கும் இயந்திரங்கள் பொதுவாகக் கீழ்த்தளத்தில் இருந்தன. நாள் முழுதும் இன்னொரு மொழியில் வாக்கியங்களைக் கூட்டிக்கூட்டிப் பேசிவிட்டு, மாலையில் வாய் ஓய்ந்துபோய்த் துணிக்கூடையுடன் இறங்கி, இயந்திரம் சுற்றி முடிக்கும் நாற்பது நிமிடத்தை அங்கேயே கழிப்பது என் வழக்கம். அதற்கு அடுத்த அறையில், மடித்து அடுக்கிய நாற்காலிகளுக்குப் பின்னால், சுவரோடு நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோ ஒன்று கிடந்தது. யாரோ வீடு மாறிப் போனவர் தூக்கிச் செல்ல முடியாமல் விட்டுப் போனதாம். பல மாதம் அதைப் பார்த்தும் பாராமல் இருந்தேன். ஒரு குளிர்கால மாலையில், வேறு வேலை இல்லாத ஒரே காரணத்தால், இரண்டு நாற்காலிகளை நகர்த்திவிட்டு மூடியைத் திறந்தேன்.

என்ன வாசிப்பது என்று நான் யோசிக்கவில்லை. பியானோ கற்றவர் எல்லாரும் ஒரு கட்டத்தில் வாசித்திருக்கக்கூடிய ஜி மேஜர் மினுயெட் என்னும் சிறு நடன உருப்படியைக் கைகள் தாமாகவே தொடங்கிவிட்டன. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725-இல் தொடங்கிய குறிப்பேட்டில் இருந்ததால் அது பாக் எழுதியது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. கிறிஸ்டியன் பெட்சோல்ட் என்பவருடையது என்று 1970களில்தான் தெளிவாயிற்று. எனக்குச் சொல்லித் தந்தவருக்கும் அது பாக்தான். அது கிடக்கட்டும். அந்த உருப்படிக்கு இரண்டு பாதிகள், பாதிக்குப் பதினாறு அளவைகள், அதாவது தாளக்கணக்கில் பிரித்த சிறு கூறுகள். முதற்பாதி முழுவதையும் கைகள் வாசித்தன. இரண்டாம் பாதியின் வாசலில் வந்து நின்றுவிட்டன. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் மறுபடி அதே வாசல். நடுவிலிருந்து தொடங்கவும் முடியவில்லை, ஏனெனில் விரல்களின் நினைவு கோத்த சரம் போன்றது, நுனியைப் பிடித்து இழுத்தால்தான் வரும். மூன்றாம் முறை வாசிக்கும்போதுதான் அந்தச் சிறு விபத்து நடந்தது. "டி" என்னும் சுரத்தின் கட்டை, அந்த உருப்படி தொடங்குவதே அதில்தான், அழுத்திய இடத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. விரலை எடுத்த பின்பும் கட்டை மேலே வரவில்லை. அடுத்த சுரங்கள் வந்து போய்க்கொண்டிருக்க, அவற்றுக்குப் பின்னால் அந்த "டி" மட்டும் நின்று ஒலித்தது. ஒலித்து, மெலிந்து, மற்றவற்றோடு கலந்து, எந்த நொடியில் தீர்ந்தது என்று சொல்ல முடியாதபடி தீர்ந்தது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு ஆண்டுகள் கற்றவன், ஒரு சுரம் முடிவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பக்கத்து அறையின் ஈரத்தில் கட்டையின் துளைக்குள் இருந்த கம்பளி ஊறிப் பருத்ததால் வந்த கோளாறு அது. நகத்தால் நெம்பிக் கட்டையை மேலே எடுத்துவிட்டு, அது மறுபடி ஒட்டிக்கொள்ளட்டும் என்று மறுபடி அழுத்தினேன். துணி துவைத்து முடித்த இயந்திரம் கூப்பிட்டது காதில் விழவில்லை.

இங்கே, வீட்டில் அலுத்துப்போன என் பாட்டைத் தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பியானோவின் உள்ளே நடப்பதைப் படம் இல்லாமலே சொல்லிவிடலாம். கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனை எழுந்து, கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் ஒன்றைக் கம்பியை நோக்கி எறிகிறது. தள்ளுகிறது என்று சொல்லாமல் எறிகிறது என்று சொன்னேன், கவனித்தீர்களா? கம்பியைத் தொட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, தன் வேகத்திலேயே போய் மோதித் திரும்பிவிடும். ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டளவில் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தோலொமியோ கிறிஸ்தோஃபோரி செய்த புதுமை இதுதான். அவர் செய்தவற்றுள் மூன்று பியானோக்கள் இன்றும் உள்ளன. அவற்றுள் மூத்தது, 1720-இல் செய்தது, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெல்லவும் உரக்கவும் ஒலிப்பது என்று நீளமாக வைத்த பெயரில் "மெல்ல" என்ற சொல் மட்டும் பியானோ என்று நமக்கு மிஞ்சியிருக்கிறது.

சுத்தியல் மோதிய பிறகு அந்தச் சுரத்தை வாசிப்பவர் என்ன செய்ய முடியும்? பெருக்க முடியாது, வளைக்க முடியாது, நடுங்கவிட முடியாது. ஹார்மோனியத்தில் காற்று உள்ளவரை சுரம் அப்படியே நிற்கும். பியானோவின் சுரமோ பிறந்த நொடியிலிருந்தே தேயத் தொடங்குகிறது. வாசிப்பவர் கையில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: அதை எப்போது விடுவது என்பது. கம்பிகளின் மேல் படிந்திருக்கும் டாம்பர் என்னும் கம்பளித் திண்டு, கட்டை கீழே இருக்கும் வரை விலகி நிற்கும். விரலை எடுத்தால் திரும்பி வந்து ஒலியை அணைக்கும். விரலை வெடுக்கென்று எடுத்தால் ஒலி வெட்டுப்படும். மெல்ல எடுத்தால் கம்பளி கம்பியைத் தடவியபடி அமர, ஒலி மெல்லத் தேய்ந்து முடியும். எண்பத்தெட்டுக் கட்டைகளில் உச்சியில் உள்ள சுமார் இருபதுக்கு டாம்பரே கிடையாது; அவை அவ்வளவு விரைவில் தாமே அடங்கிவிடும்.

மறுபடியும் சொல்கிறேன், வானொலியில் சொன்னதையே சொல்வது குற்றமில்லை என்று நினைக்கிறேன்: எனக்கு அடிக்கச் சொல்லித் தந்தார்கள், விடச் சொல்லித் தரவில்லை. எந்த விரலால் அழுத்துவது, எவ்வளவு வலுவாக அழுத்துவது என்பதற்கெல்லாம் தாளில் எண்ணும் குறியும் இருந்தன. விடுவதற்கும் சில குறிகள் உண்டுதான், ஆனால் அவற்றைச் சரியான நேரத்தில் கையை எடுக்கும் கட்டளையாகவே நான் படித்திருந்தேன். அங்கே கேட்பதற்கு ஏதோ இருக்கிறது என்று தோன்றியதில்லை.

இதை எனக்கு இன்னும் அழுத்தமாகப் புரியவைத்தவர் என் கீழ்வீட்டுக்காரர். கீழ்த்தள அறையை இரவு ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்பதால், சில மாதங்களில் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நள்ளிரவு வரை வாசிக்கத் தொடங்கினேன். உலகத்துக்கே கேட்காமல் வாசிக்கிறோம் என்ற நிம்மதி எனக்கு. ஒரு வாரம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, மிகுந்த பணிவோடு, "இரவில் ஏதேனும் தச்சு வேலை செய்கிறீர்களா?" என்று கேட்டார். இசை கேட்கவில்லை அவருக்கு. கட்டைகள் அடிப்பலகையில் மோதும் ஓசை மட்டும் தாங்கியின் கால்கள் வழியே தரையில் இறங்கி அவர் படுக்கைக்கு மேல் கொட்டியிருக்கிறது. அவரை உள்ளே அழைத்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டி, வாசித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் கேட்டார். பிறகு அதைக் கழற்றிவிட்டு, "இப்போது வாசியுங்கள்" என்றார். வெறுங்காதோடு இருவரும் கேட்டோம். தொம், தொம் என்று அழுத்தும் ஓசை ஒன்று. அதற்கிடையே, அதைவிடச் சற்றே மெலிந்து, டக், டக் என்று இன்னொன்று. அந்த இரண்டாவது ஓசை, நான் கைவிட்ட கட்டைகள் துள்ளி மேலே வந்து இடிக்கும் ஓசை. அந்த மனிதரின் உறக்கத்தை நான் அடித்துக் கெடுத்தது பாதி, விட்டுக் கெடுத்தது பாதி.

தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டேன். அதைவிடப் பயன்பட்டது, ஒலியையே அணைத்துவிட்டு, வெறும் கட்டைகளின் மேல், இரண்டாவது ஓசை வராதபடி விரலை எடுத்துப் பழகியது. கட்டையோடு கூடவே விரலும் மேலே வர வேண்டும், அவ்வளவுதான் வித்தை. அதற்கு எனக்கு ஒரு குளிர்காலம் முழுதும் தேவைப்பட்டது. கீழ்வீட்டுக்காரர் அதன்பின் தட்டவில்லை, படிக்கட்டில் பார்க்கும்போது, "தச்சு வேலை எப்படிப் போகிறது?" என்று மட்டும் கேட்பார். என்னை வாசித்துக் காட்டச் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தேறவேண்டிய தேர்வும் இல்லை. நான் முன்பு யாராக இருந்தேன் என்று அறிந்தவர் இல்லாத ஊரில், முப்பத்தாறு வயதில், ஒரே சுரத்தை அரை மணி நேரம் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருப்பதற்கு வெட்கம் தேவைப்படவில்லை.

அடுத்துப் போலந்து இசையமைப்பாளர் ஃபிரெடெரிக் ஷோப்பானைப் பற்றிச் சொல்ல எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் விரல்களைக் காட்டுகிறார், ஆகையால் விரைந்து சொல்கிறேன். 1830 நவம்பரில், இருபது வயதில், வார்சாவை விட்டுப் புறப்பட்டவர் ஷோப்பான். பிறகு திரும்பவே இல்லை. 1838-இன் குளிர்காலத்தில் மயோர்க்காத் தீவில் தங்கியிருந்தபோது, பாரிசிலிருந்து அனுப்பிய பிளெயெல் நிறுவனப் பியானோ சுங்கத்தில் மாட்டிக்கொள்ள, மட்டமான உள்ளூர்ப் பியானோ ஒன்றை வைத்துக்கொண்டே பிரெலூடுகள் என்னும் தம் சிறு உருப்படிகளை முடிக்கும் வேலையில் இருந்தார். நல்ல பியானோ வந்து சேர்ந்தது 1839 சனவரியில், தீவை விட்டுக் கிளம்பச் சில வாரமே இருந்தபோது. அந்த இருபத்து நான்கு பிரெலூடுகளில் நான்காவது, ஈ மைனரில் அமைந்தது, இருபத்தைந்தே அளவைகள். இடக்கை ஒரே சுரக்கூட்டை, அதாவது ஒருசேர அழுத்தும் சில சுரங்களை, மெல்லத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். நடுவில் ஒரு விரலோ இரு விரலோ அரைச்சுரம் கீழே இறங்கும், மற்றவை அப்படியே இருக்கும். கட்டை முழுதும் மேலே வராமலே மறுமுறை ஒலிக்கும் பொறியமைப்புக்கு 1821-இல் எரார் என்னும் பியானோ நிறுவனத்தார் காப்புரிமை பெற்றனர்; இன்றைய கிராண்ட் பியானோக்களில் அந்த வசதி உண்டு, என் கீழ்த்தளத்துப் பியானோவைப் போன்றவற்றில் இல்லை. ஆகவே அதில் இந்த உருப்படியை வாசிப்பவர் ஒவ்வொரு கட்டையையும் போதிய உயரம் மேலே வரவிட்டு, ஆனால் ஒலி அறுந்ததாகத் தோன்றாதபடி, மறுபடி அழுத்த வேண்டும். முடிவுக்குச் சற்று முன் ஒரு மௌனம் வருகிறது. எவ்வளவு நேரம் என்று தாளில் அளவு இல்லை, வாசிப்பவர் மனம் போல் நீட்டிக்கொள்ளலாம். அதன்பின் மூன்று சுரக்கூட்டுகள். அந்த மௌனத்துக்கு முந்திய கூட்டை எப்போது விடுவது என்பதில் எனக்கு இன்னும் முடிவு ஏற்படவில்லை. வாரத்துக்கு ஒரு விதமாக விடுகிறேன்.

வயதான பின் திரும்பத் தொடங்குவோருக்கு விரல் விறைப்பைப் பற்றியும், கருவி வாங்குவதைப் பற்றியும் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கங்களை மடித்து வைத்துவிடுகிறேன். ஒன்று மட்டும்: பியானோவை வீடு மாற்றினால் அன்றைக்கே சுருதி சேர்க்க ஆளை அழைக்காதீர்கள். புதிய அறையின் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் மரம் பழக இரண்டு மூன்று வாரமாவது விட்டுவிட்டு அழையுங்கள். எங்கள் கீழ்த்தளத்துக்கும் கடைசியில் ஒருவரை அழைத்தோம். அவர் அந்த "டி" கட்டையைக் கழற்றி, துளையின் உட்புறக் கம்பளியைக் குறடு ஒன்றால் இரண்டு முறை அழுத்திவிட்டு, மாட்டித் தந்தார். இப்போது அது ஒட்டுவதில்லை. சரி செய்ய வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் பெட்டியை மூடிவிட்டார்.

வணக்கம்.