லொறி நிற்கும், பாதை ஓடும்! திருகோணமலைப் பழைய லொறிகளின் கதை

லொறி பாதையில் ஓடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பாதையே லொறியைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர் ஒன்று உண்டு. அது எங்கள் திருகோணமலை. நம்பாவிட்டால் கிண்ணியாவிலோ மூதூரிலோ வயதான யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஓம் தம்பி, பாதையில ஏத்தித்தான் கொண்டு போனம்" என்பார்கள். அது என்ன பாதை? கடைசி வரைக்கும் இருங்கள், சொல்கிறேன்.

வணக்கம் மக்களே. முதலில் வரலாறு, அரை நிமிடம்தான், தாண்டிப் போய்விடாதீர்கள். 1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கையின் பஸ் கம்பனிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. லொறிகளை எடுக்கவில்லை. அதனால்தான் பஸ் எல்லாம் ஒரே சிவப்பாக மாறிய பிறகும், லொறிகள் மட்டும் ஒவ்வொரு முதலாளியின் பெயரையும் ஊரையும் கதவில் எழுதிக்கொண்டு ஓடின. கம்பனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டு முற்றத்தில் இரண்டு லொறி, வேப்பமரத்தடியில் கராஜ், கணக்கு எழுத முதலாளியின் மச்சான். ஏற்றியது நெல், விறகு, கருவாடு, நிலாவெளி உப்பு. சீனன்குடாவில் பிரீமா மா ஆலையும் சீமெந்து ஆலையும் வந்த பிறகு லோட்டுக்குக் குறைவில்லை. சரி, வரலாறு முடிந்தது.

இப்போது பெட்போர்ட் லொறி. அந்தக் காலத்து லொறிப் படம் எதை எடுத்தாலும் அந்த நீட்டு மூக்குக்காரன் எங்காவது ஒரு மூலையில் நிற்பான். இவன் பிறப்பு ஒரு சுவாரசியம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ், இங்கிலாந்தில் லூட்டன் என்ற ஊரில் செவ்ரோலே லொறிகளைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தது. 1931இல் அவற்றுக்கு உள்ளூர்ப் பெயர் வைத்தார்கள். லூட்டன் இருக்கும் மாவட்டம் பெட்போர்ட்ஷயர். அதுதான் பெட்போர்ட். நாங்கள் அசல் வெள்ளைக்காரன் என்று நினைத்தவன் பாதி அமெரிக்கன்!

முன்மூக்கும் என்ஜினும் அடிச்சட்டமான செஸியும்தான் கப்பலில் வரும். பின்னால் இருக்கும் பலகைக் கூட்டை இங்கே தச்சர்தான் அடிப்பார். அதனால் ஒரே மொடல் லொறி இரண்டு அருகருகே நின்றாலும் முகம்தான் ஒன்று, முதுகு வேறு. இன்றைய தகரப் பெட்டி லொறிகளில் அந்த அழகு இல்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் கீழே வாருங்கள்.

சரி, பாதைக்கு வருவோம்.

[திரையில் வரைபடம்: கொட்டியாரக் குடா]

இந்தப் பக்கம் திருகோணமலை, குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர். லோஞ்ச் படகில் ஏறினால் நேரே போகலாம். லொறியை லோஞ்சில் ஏற்ற முடியுமா? தரை வழியாகப் போகலாம் என்றால், மகாவலி கங்கை இந்தக் குடாவில்தான் வந்து கடலில் விழுகிறது. வழியெல்லாம் தண்ணீர் குறுக்கே கிடக்கும். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் துறைகள். அந்தத் துறைகளில் ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்குத்தான் கிழக்கு மாகாணத்தில் பெயர் 'பாதை'. தட்டையான மேடை, கீழே மிதப்பு. வடத்தைப் பிடித்து ஆட்கள் இழுப்பதும் உண்டு, இயந்திரம் தள்ளுவதும் உண்டு. யோசித்துப் பாருங்கள், தெரு தண்ணீரில் முடிகிறது, அந்த முடிந்த துண்டைக் கழற்றி மிதக்க விட்டால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? இதற்குப் பாதை என்று முதலில் பெயர் சொன்ன ஆள் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

என் பெரியப்பா கிளீனராகத் தொடங்கி றைவர் ஆனவர். பாதையில் லொறி ஏற்றும்போது றைவரை யாரும் பார்க்க மாட்டார்களாம், கிளீனரைத்தான் பார்ப்பார்களாம். காரணம், சில்லுக்கு அடை கொடுக்கும் கட்டை. முன்சில்லு மேடையில் ஏறியதும் அந்தப் பக்கம் அமிழும், பின்சில்லு ஏறியதும் திரும்ப நிமிரும். அந்த ஆட்டத்தில் லோட் லொறி ஓரடி உருண்டாலே போதும், நெல் மூட்டையோடு மீனுக்கு விருந்து. கிளீனர் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சில்லோடு சில்லாக நடந்து, லொறி நின்ற நொடியில் செருக வேண்டும். "றைவருக்கு லைசன்ஸ் குடுத்தது அரசாங்கக் கச்சேரி, எனக்குக் குடுத்தது கட்டை" என்பார். மழைக்காலத்தில் கங்கை பெருகினால் பாதை ஓடாது. அப்போது லொறிகள் வரிசையில் நிற்கும், படங்கை இழுத்துக் கட்டிவிட்டு லொறிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுப்பார்கள். அவசரக்காரன் கந்தளாய், சேருவில என்று சுற்றிப் போவான். போகிற டீசலுக்கு ஹயர் காசு சரியாகப் போய்விடும்.

யுத்த காலத்தைப் பற்றி ஒரு வரி: பாஸ், சோதனைச் சாவடி, ஏற்றி இறக்கி ஏற்றி. அதற்குத் தனி வீடியோ வேண்டும்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். மற்றத் துறைகளிலும் பின்னால் பாலங்கள் வந்துவிட்டன. இப்போது லொறி கிண்ணியாவைத் தாண்டும் நேரத்தில் ஒரு பிளேன்ரீகூடக் குடித்து முடிக்க முடியாது. பெரியப்பா பாலத்தில் போகும்போதெல்லாம் சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேலை. வீட்டு அல்பத்தில் தாத்தாவோ மாமாவோ லொறிக்கு முன்னால் நிற்கும் படம் கட்டாயம் இருக்கும். அதை எனக்கு அனுப்புங்கள். ஆளை விடுங்கள், இலக்கத் தகட்டைப் பாருங்கள். சி-ஈ, சி-எல், ஈ-என் என்று ஆங்கில எழுத்து இரண்டு இருந்தால், அவை 'சிலோன்' என்ற சொல்லிலிருந்து எடுத்தவை. அந்த லொறி 1950களின் கடைசியில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முன்பே பதிவானது. நடுவில் ஸ்ரீ இருந்தால் அதற்குப் பிந்தியது. அந்த ஸ்ரீ சிங்கள எழுத்தா, இல்லை யாரோ தார் பூசித் தமிழில் மாற்றியதா என்று உருப்பெருக்கிப் பாருங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் மற்ற வேலையெல்லாம் விட்டுவிட்டு முதலில் எனக்குச் சொல்லுங்கள்.