381 நாள் நடந்த கதை

எல்லோருக்கும் வணக்கம். ரோசா பார்க்ஸ் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். பேசுகிறேன். ஆனால் அவரைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாம் கேட்டு வளர்ந்த கதை இதுதான்: 1955-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், தையல் வேலை முடிந்து பஸ்ஸில் அசதியாக வந்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளைக்காரருக்கு இடம்விட மறுத்தார், உடனே ஊரே பொங்கியது. அப்படியெல்லாம் ஊர் பொங்காது. அதே மாண்ட்கோமரியில், ஒன்பது மாதம் முன்பு, கிளாடெட் கொல்வின் என்ற 15 வயதுப் பெண்ணும் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். அப்போது பஸ்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்தன. பார்க்ஸும் ஏதோ வழியில் அகப்பட்ட அப்பாவி அல்ல. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவர்.

அந்த ஊர் பஸ்ஸில் அப்போது கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறிக் காசைக் கட்டிவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். அதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிற டிரைவர்களும் உண்டு. 1943-இல் இப்படிப் பின்வாசலுக்குப் போக மறுத்த பார்க்ஸை இறக்கிவிட்டவர் ஜேம்ஸ் பிளேக் என்ற டிரைவர். 1955 டிசம்பர் 1 அன்று போலீஸைக் கூப்பிட்டவரும் அதே பிளேக்தான்.

சரி, அன்று இரவு என்ன நடந்தது? ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, தன் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடியத் துண்டறிக்கை அடித்தார். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறாதீர்கள் என்று. ஆயிரக்கணக்கில். அரசுக் கல்லூரி இயந்திரம். தெரிந்தால் வேலை போயிருக்கும். பஸ் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர் என்பது அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின.

ஒரு நாள் பஸ் ஏறாமல் இருப்பது பெரிய காரியமில்லை. மறுநாளும் ஏறுவதில்லை என்றால் வேலைக்கு எப்படிப் போவது? டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றினார்கள். 45 சென்ட்டுக்குக் குறைத்து வாங்கக் கூடாது என்று நகராட்சி சட்டத்தைக் காட்டியது. அப்புறம் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் வந்தார்கள். சுமார் 300 கார்கள். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று ஊர் முழுக்க நிறுத்தங்கள். கார்களுக்கு உள்ளூரில் இன்சூரன்ஸ் மறுக்கப்பட்டது. லண்டனிலிருந்து வாங்கினார்கள். இதிலே ஒரு வேடிக்கை, வெள்ளைக்கார வீட்டு அம்மாக்களில் பலர் தங்கள் வேலைக்காரியைத் தாங்களே காரில் அழைத்து வந்தார்கள். மேயர் கண்டித்துப் பார்த்தார். வீட்டுவேலை நின்றுபோகுமே, யார் கேட்பார்கள்?

பெட்ரோலுக்குப் பணம் வேண்டாமா? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி, தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் பொரித்த கோழியும் விற்றுப் பணம் திரட்டினார். யார் கொடுத்தது என்று வெளியே தெரிந்தால் பலருக்கு வேலை போகும். அதனால் அந்தக் குழுவுக்கு 'எங்கிருந்தோ வந்த சங்கம்' என்கிற மாதிரி ஒரு பெயர். கில்மோர் மட்டும் மறைக்கவில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார், வேலை போயிற்று.

நாம் நூலகத்தில் கூடியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போராட்டம் தொடங்கிய ஒரே வாரத்தில், இவர்கள் காந்தியிடம் பாடம் கற்றிருக்கிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் ஜூலியட் மார்கன் என்ற வெள்ளைக்கார நூலகர். அதற்காக அவர் பட்ட வசவு கொஞ்சமல்ல.

முதலில் போராடியவர்கள் கேட்டது, பஸ்ஸில் வெள்ளையர், கறுப்பினத்தவர் என்ற பிரிவினையே கூடாது என்றுகூட அல்ல. மரியாதையாக நடத்துங்கள், பின்னாலிருந்து நாங்கள் உட்கார்ந்து வருகிறோம், உட்கார்ந்தவரை எழுப்பாதீர்கள், கறுப்பினத்தவர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின டிரைவர்களை வையுங்கள், அவ்வளவுதான். அதையும் மறுத்தார்கள். 1956 ஜனவரி 30 அன்று, போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய 27 வயது மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். வாசலில் ஆயுதத்தோடு கூடிய கூட்டத்தை கிங் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். இரண்டே நாளில் வழக்குத் தொடுத்தார்கள், இந்தமுறை பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்து. அந்த வழக்கில் பார்க்ஸ் இல்லை. எல்லோரும் மறந்துபோன அந்தச் சிறுமி கொல்வின் இருந்தாள். நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

உத்தரவு கைக்கு வர டிசம்பர் ஆயிற்று. அதுவரை, மொத்தம் 381 நாள், போராட்டம் நீடித்தது. காத்திருந்த நாட்களில் தேவாலயங்களில் ஒத்திகை நடந்தது. நாற்காலிகளை பஸ் இருக்கைபோல வரிசையாகப் போட்டு, ஒருவர் டிரைவர், சிலர் வெள்ளைக்காரர், சிலர் கறுப்பினத்தவர். திட்டினால் திருப்பித் திட்டாதே, பக்கத்தில் உட்காரும்போது 'மன்னிக்கவும்' என்று சொல். வெள்ளைக்காரராக நடித்தவர்களில் சிலர் ரொம்பவே ஒன்றிப்போய் நடித்தார்களாம். ஓரத்தில் நின்றவர்கள் மெல்லச் சொல்லி அடக்க வேண்டியிருந்தது.